வழியில் கிடந்த பணப்பையில் எவ்வளவு? 9ஆம் நூற்றாண்டிலேயே கணக்கு போட்ட மகாவீராச்சாரியார்... யார் இவர்?

ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், கர்நாடகப் பகுதியில் வாழ்ந்த சமண அறிஞர் இவர். தீர்த்தங்கரர் மகாவீரர் வேறு. வானியலைக் கலக்காமல் கணக்குக்கு மட்டுமே 'கணித சார சங்கிரகம்' எழுதினார்.

அதில் ஒரு புதிர்: 3 வியாபாரிகள் வழியில் பணப்பை ஒன்றைப் பார்க்கிறாங்க. பை கிடைத்தால், மற்ற இருவர் பணத்தையும் கூட்டினால் வருவதைப் போல முதலாமவரிடம் 2 மடங்கு, இரண்டாமவரிடம் 3, மூன்றாமவரிடம் 5 மடங்கு சேரும்.

எப்படிப் போடுவது? பையோடு சேர்த்த மொத்தத் தொகை 3, 4, 6 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடணும். 12 வைத்தால் அரைக்காசு வருது. 24 சரியா வருது. கையில் 1, 3, 5, பையில் 15. முழு எண்ணில் மிகச் சிறிய விடை இதுதான்.

சுவடியில் கிடந்த இந்த நூலை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம்.ரங்காச்சாரியா 1912-ல் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சுக்குக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக் கணித வரலாற்றிலும் இவர் பெயர் ஏறியது.