படுக்கையிலிருந்து ஆறுதல் எழுதிய டோனாவூர் அம்மா

(நமது பொம்மனஹள்ளி நிருபர்)

நெல்லைச் சீமையில் டோனாவூர் அம்மாவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. எமி கார்மைக்கேல் அம்மையார் என்பது அவர் பெயர். அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டில் வாழ்ந்து, தமிழ் மண்ணிலேயே அடக்கமானவர். இந்தியாவில் இருந்த 55 ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவர் தாய்நாடு திரும்பவில்லை. அவர் முதன்முதலில் தமிழ் படிக்கத் தொடங்கியது நம் பெங்களூரில்தான் என்பது பலருக்குத் தெரியாது.

ஆலைப் பெண்களின் தோழி

அம்மையார் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ந் தேதி வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தந்தையார் மாவு மில் நடத்தியவர். 1885ல் அவர் காலமானபோது குடும்பம் கஷ்ட நிலையில் இருந்தது.

அப்போது பெல்ஃபாஸ்ட் நகரில் ஆலைகள் மிகுதி. அங்கு வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வருவார்கள். அவர்கள் கோவிலுக்குள் வந்தால் வசதியுள்ள சபையார் சிலர் முகம் சுளித்தார்கள். எமி அவர்களையே கூட்டிச் சேர்த்து வேதபாடம் நடத்தினார். கூட்டம் பெருகவே, 500 பேர் உட்காரக்கூடிய தகரக் கொட்டகை ஒன்று 1889ல் எழும்பியது. ஓசூர் ரோட்டில் காலை ஷிப்டுக்கு விரையும் நம் கார்மெண்ட்ஸ் பெண்களைப் பார்க்கிறவர்களுக்கு, அந்த ஆலைப் பெண்கள் அந்நியராகத் தோன்ற மாட்டார்கள்.

பெங்களூரில் காய்ச்சல்

1893ல் ஜப்பானுக்கு ஊழியம் செய்யச் சென்றார். உடல் ஒத்துக்கொள்ளவில்லை. பெங்களூரின் குளிர்ந்த சீதோஷ்ணம் நல்லது என்று தெரிந்து, சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஜெனானா மிஷன் மூலமாக 1895 நவம்பரில் சென்னையில் வந்து இறங்கினார். பெங்களூர் சேர்ந்ததும் டெங்கு காய்ச்சலில் படுத்தார். எழுந்த பிறகு மிஷன் மருத்துவமனையில் வேலையும் தமிழ்ப் பாடமும் தொடங்கின.

கண்டோன்மெண்டில் இருந்த வெள்ளைக்காரர்களின் தேநீர் விருந்துகள் அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழ் மக்கள் நடுவிலேயே குடியிருக்க விரும்பினார். தாமஸ் வாக்கர் என்ற மிஷனரி தமிழில் நல்ல பயிற்சி உள்ளவர். அவரிடம் தமிழ் கற்க 1896 இறுதியில் திருநெல்வேலிக்குப் போனார்.

திரும்பி வந்த கையெழுத்துப் பிரதி

பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். கண்டதையெல்லாம் எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். வாசிக்கிறவர்களுக்கு உற்சாகம் தருவதாக இல்லை என்று சொல்லி அங்குள்ள பொறுப்பாளர்கள் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெற்றிச் செய்திகள் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அம்மையார் அதை மெருகேற்றித் திருத்தவில்லை. பின்னர் நண்பர்கள் வற்புறுத்தவே, 1903ல் அது புத்தகமாக வெளிவந்தது. உள்ளது உள்ளபடி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரையே அதற்கு வைத்தார். அந்தப் பெயர் அவர் வாழ்க்கை முழுவதற்கும் பொருந்தும்.

1901 மார்ச்சில் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தேவதாசி வாழ்க்கைக்கென வைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்தாள். முன்பு ஒரு தடவை ஓடிப்போனதற்காக அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். அன்று முதல் குழந்தைகளைக் காப்பதே அம்மையாரின் வேலையாயிற்று. அதே ஆண்டு டோனாவூருக்குக் குடிபெயர்ந்தார். 1913க்குள் அங்கே நூற்றுக்கும் அதிகமான குழந்தைகள் வளர்ந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் நெடுங்காலம் போராடியதன் பலனாக, தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் வந்தது. அம்மையார் அதைக் காணவும் உயிரோடு இருந்தார்.

ஒரு மாலைப் பொழுது

1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ந் தேதி. மருந்தகம் நடத்துவதற்காக வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்க்கக் களக்காடு போயிருந்தார். இருட்டும் நேரம். புதிதாக வெட்டியிருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே விழுந்து கால் எலும்பு முறிந்தது. அப்போது வயது 63. சில வாரங்களில் சரியாகும் என்று நினைத்தார்கள். வேறு நோவுகளும் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய 20 ஆண்டுகள், சாகும் வரையில், ஓர் அறையே அவருக்கு உலகமாயிற்று.

ஊர் ஊராக நடந்தவர் படுக்கையில் கிடந்தார். நண்பர்கள் நோயாளிகளுக்கான ஆறுதல் பிரசுரங்களை அனுப்பினார்கள். அவை மனதைத் தொடவில்லை. சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை அவை என்பதைக் கண்டுகொண்டார். வலி இருக்கும்போதே, வலியில் இருக்கிறவர்களுக்கு எழுத முடிவு செய்தார். அப்படி வந்த கடிதங்கள்தாம் 1933ல் வெளியான ரோஸ் ஃப்ரம் பிரையர் என்ற நூல். தூக்கமில்லாத இரவுகளையும், பலித்ததாகத் தெரியாத ஜெபங்களையும் அதில் மறைக்காமல் எழுதினார்.

தினம் ஒரு குறிப்பு

டோனாவூர்க் குடும்பத்தாருக்காகவும் தம் அறையிலிருந்து சிறு சிறு குறிப்புகள் எழுதி வந்தார். ஒரு வேத வசனம், அதன் கீழே சில வரிகள். நீண்ட பிரசங்கம் கிடையாது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதங்களும் போகும். பழைய பக்தி நூல்களும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். முந்தைய நூற்றாண்டுகளில் துன்பப்பட்டவர்கள் எழுதியதை வாசித்தார். தாம் பெற்றதை மறுநாள் பிறருக்குக் கொடுத்தார்.

1948ல் மறுபடியும் விழுந்தார். அதன்பின் எழுந்து உட்காரவும் சிரமமாயிற்று. 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ந் தேதி 83வது வயதில் காலமானார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார். அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்தார்கள். தாய் என்று பொருள்படும் ஒரே சொல் அதில் பொறிக்கப்பட்டது. அவருடைய தினக் குறிப்புகள் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, எட்ஜஸ் ஆஃப் ஹிஸ் வேஸ் என்ற பெயரில் 1955ல் புத்தகமாயின.

நமக்கு என்ன?

தினசரி தியானம் என்பது நேரமும் தனி அறையும் உள்ளவர்களுக்கே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஷிப்டு முடிந்து வந்து, ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் பொம்மனஹள்ளி வாழ்க்கையில் அது நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வசனத்துக்கும் நாலு வரிக்கும் பத்து நிமிஷம் போதும். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தால் ஆயிற்று.

அந்த நாலு வரியில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத மாதத்தில் எல்லாம் சுகம் என்று எழுதிவைத்தால் அந்த நோட்டினால் பயன் இல்லை. சங்கீதப் புத்தகத்தில்கூட துதிக்குச் சமமாகப் புலம்பலும் இருக்கிறது. பயத்தைப் பயம் என்றும், கடனைக் கடன் என்றும் எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் அன்றைய வசனத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அம்மையாரின் குறிப்புகளை இன்றும் ஜனங்கள் தேடிப் படிப்பதற்குக் காரணம், அவர் உள்ளதை உள்ளபடி எழுதியதுதான்.