மின்னியந்திரம் ஆக்கிய கொல்லர்

தோமஸ் டவன்போட் என்பார் 1802ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வெர்மொன்ற் மாநிலத்திற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்த அவர், கொல்லுத்தொழில் பயின்று பிரண்டன் என்னும் ஊரிற் பட்டடை வைத்து வாழ்ந்தார். கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர்.

1833இல், இரும்புத்தாது பிரிக்கும் ஆலையொன்றிலிருந்து மின்காந்தமொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார். வீடு கொணர்ந்து அதன் கம்பிச் சுருள்களை ஒவ்வொன்றாகக் கழற்ற, மனைவியார் எமிலி அதன் அமைப்பைக் குறித்துக்கொண்டார். தாமே காந்தம் செய்யப் புகுந்தபோது, கம்பியைப் பொதிதற்கு அம்மையார் தம் மணப்பட்டையே கீறிக் கொடுத்தனர் என்பர்.

மின்னோட்டம் பாயுங்காற் சுருளினுள் இருக்கும் இரும்பு காந்தமாகும். நின்றால் அவ்வாற்றல் நீங்கும். ஓட்டத்தைத் தக்க தருணத்தில் மாற்றி, 1834இற் சக்கரத்தை இடையறாது சுழலச் செய்தார். காப்புரிமை நிலையத்துக்கு அனுப்பிய மாதிரியுரு 1836இல் ஆங்கு மூண்ட தீக்கு இரையாயிற்று. மனந்தளராது மீண்டும் செய்து, 1837இற் காப்புரிமை பெற்றார்.

ஆயினும் மின்கலத்திற் கரையும் நாகம் நிலக்கரியினும் விலைமிக்கது. ஆதலின் நீராவியை அவரியந்திரம் வெல்லவில்லை. 1851இல் வறியவராகவே மறைந்தார். செப்புக்கம்பி சுற்றி மாதிரி எஞ்சின் இயக்க முயலும் நம் மாணவர் அவர் வழியினரே. அவரோடு அம்மையாரின் பட்டையும் நாம் மறவாதிருப்போமாக.