எம்.ஜி.ஆருக்குக் கிடைத்த மூன்றாவது சிறுநீரகம்

குட்டீஸ்! தாத்தாவோ பாட்டியோ டி.வி.யில் எம்.ஜி.ஆர். படம் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். தனி ஆளாக நின்று சிலம்பம் சுழற்றுவார். வாள் சண்டையில் பத்துப் பேரை விரட்டுவார். கடைசியில் அவர்தான் ஜெயிப்பார்!

நிஜ வாழ்க்கையிலும் அவர் லேசில் சாய்கிற ஆள் இல்லை. அப்படிப்பட்டவரை 1984-ம் ஆண்டு படுக்கையில் தள்ளியது எது தெரியுமா? நம் முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே, சத்தமே இல்லாமல் வேலை செய்யும் இரண்டு சின்ன உறுப்புகள் வேலையை நிறுத்தியதுதான். அவைதான் சிறுநீரகங்கள். கிட்னி என்றால் உங்களுக்கு உடனே புரியும்.

வாருங்கள், எம்.ஜி.ஆரின் கதையோடு கிட்னியின் கதையையும் தெரிந்துகொள்வோம்.

பசி தெரிந்த பையன்

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் என்பதன் சுருக்கம்தான் எம்.ஜி.ஆர். இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நாவலப்பிட்டியில் 1917, ஜனவரி 17-ல் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். அம்மா சத்யபாமா, அவரையும் அண்ணன் சக்கரபாணியையும் அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார்.

வீட்டில் வறுமை. இரண்டு பிள்ளைகளுக்கும் வயிறாரச் சோறு போடவே அம்மா திண்டாடினார். அதனால் பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றது. அண்ணனும் தம்பியும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அங்கேதான் நடிப்பு, பாட்டு, கத்திச் சண்டை எல்லாம் கற்றார்கள்.

1936-ல் ‘சதிலீலாவதி’ படத்தில் சின்ன வேடம் கிடைத்தது. கதாநாயகனாக ஜெயிக்க அதன் பிறகு 11 ஆண்டுகள் காத்திருந்தார். 1947-ல் ‘ராஜகுமாரி’ வந்தது. 1958-ல் ‘நாடோடி மன்னன்’ படத்தைத் தானே தயாரித்து இயக்கினார். அதன் பிறகு அவருக்கு ஏறுமுகம்தான்.

குண்டுக்கும் தப்பினார்

பூந்தமல்லிக்குப் போகும் மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் ராமாவரம் தோட்டம் இருக்கிறது. அதுதான் எம்.ஜி.ஆரின் வீடு. 1967, ஜனவரி 12-ல் அந்த வீட்டில் அவர் சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் குரல் மாறிவிட்டது. அந்த நேரத்தில் வந்த தேர்தலில், பிரசாரத்துக்கே போகாமல் ஆஸ்பத்திரியில் இருந்தபடி பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார்!

1972-ல் தனிக் கட்சி தொடங்கினார். 1977-ல் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார். சின்ன வயதில் பட்ட பசியை அவர் மறக்கவில்லை. 1982, ஜூலை 1-ல் திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

அக்டோபரில் வந்த ஆபத்து

1984, அக்டோபர் 5. எம்.ஜி.ஆர். திடீரென்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 67. சர்க்கரை நோய் இருந்தது. சிறுநீரகங்கள் செயல் இழந்துவிட்டன. பக்கவாதமும் தாக்கியது. பேச்சு குழறியது.

தமிழ்நாடே கலங்கியது. கோயில், சர்ச், மசூதி எல்லா இடங்களிலும் மக்கள் வேண்டிக்கொண்டார்கள்.

இரண்டு சின்ன உறுப்புகள் வேலை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து வருமா என்று கேட்கிறீர்களா? வரும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 12 குடம்!

சிறுநீரகம் பார்க்கப் பெரிய அவரை விதை மாதிரி இருக்கும். நீளம் சுமார் 11 செ.மீ. எடை 150 கிராம் அளவுதான். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறக்குறைய 10 லட்சம் குட்டி வடிகட்டிகள் இருக்கின்றன. இவற்றுக்கு நெஃப்ரான் என்று பெயர்.

இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேராகச் சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. பெரியவர்களின் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இந்த நெஃப்ரான்களில் வடிகட்டப்படுகிறது. வீட்டில் தண்ணீர் பிடிக்கும் 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 12 குடம்!

அவ்வளவும் சிறுநீராக வெளியே போய்விட்டால் என்ன ஆவது? போகாது. நல்ல நீர், சர்க்கரை, தேவையான உப்பு எல்லாவற்றையும் நெஃப்ரான் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடும். உடம்புக்கு வேண்டாத யூரியா போன்ற கழிவுகளோடு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக மாறும். அது இரண்டு குழாய்கள் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கி, அங்கிருந்து வெளியேறும்.

அளவு தவறாத கணக்குப்பிள்ளை

குப்பையை அள்ளிப் போடுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தீர்களா? சிறுநீரகம் ஒரு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளையும்கூட!

மே மாதம். ஆவடி பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டை. பிள்ளைகள் சுள்ளென்ற வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை ஆறாக ஓடுகிறது. உடம்பில் தண்ணீர் குறைகிறது. உடனே மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, தண்ணீரைச் சேமிக்கும்படி சிறுநீரகத்துக்குத் தகவல் சொல்கிறது. அன்று சிறுநீர் கொஞ்சமாக, கரும் மஞ்சளாக வரும்.

அதே பிள்ளைகள் கார்த்திகை மாத மழையில் வீட்டுக்குள் இருக்கிறார்கள். வியர்வையே இல்லை. இப்போது சிறுநீர் தெளிவாக, நிறைய வரும். இரண்டு நாளும் சிறுநீரின் அளவுதான் மாறியது. ரத்தத்தில் உப்பும் நீரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றன. மத்தியானம் ஊறுகாயும் அப்பளமும் கூடுதலாக உள்ளே போனாலும், அதிகப்படி உப்பை வெளியே தள்ளிச் சமன் செய்வது இதே கணக்குப்பிள்ளைதான்.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும்? இளநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது அருமையான பானம். அதில் பொட்டாசியம் என்ற சத்து நிறைய உண்டு. மிச்சமாகும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடுகிறது. சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கோ அது ரத்தத்திலேயே தங்கிவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அதனால்தான் அவர்கள் இளநீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நல்ல பொருள்கூட, அளவு பார்க்க ஆள் இல்லாவிட்டால் ஆபத்துதான்!

இது மட்டும் இல்லை. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கவும், ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகவும், எலும்பு பலமாகவும் சிறுநீரகத்தின் உதவி தேவை. அது நின்றுபோனால் முகமும் காலும் வீங்கும், மூச்சு வாங்கும், கழிவு ரத்தத்திலேயே தேங்கிவிடும்.

இயந்திரமும் மாற்றுச் சிறுநீரகமும்

சிறுநீரகம் நின்றுபோனால் ஒரு காலத்தில் வழியே இல்லை. 1943-ல் நெதர்லாந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைச் செய்தார். அது இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். பொருள்கள் கிடைக்கவில்லை. இறைச்சி அடைக்கும் மெல்லிய செலோஃபேன் குழாயை வைத்தே இயந்திரத்தை உருவாக்கினார்! 1945-ல் அதன் உதவியால் ஒரு மூதாட்டி பிழைத்தார். இன்று நாம் டயாலிசிஸ் என்று சொல்வது இப்படித் தொடங்கியதுதான்.

ஆனால் டயாலிசிஸ் செய்பவர்கள் வழக்கமாக வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, பல மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். நிரந்தரமாக ஓயாமல் உழைக்க வேறொருவரின் சிறுநீரகம் வேண்டும். 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இரட்டையரில் ஒருவர் தன் சகோதரருக்குச் சிறுநீரகம் கொடுத்தார். உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை அதுதான். நம் தமிழ்நாட்டிலும் 1971-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அதைச் செய்து காட்டியது.

அண்ணன் மகள் கொடுத்த பரிசு

இப்போது எம்.ஜி.ஆரிடம் திரும்புவோம். 1984 நவம்பரில் அவரைத் தனி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அவர் புகழின் உச்சியில் இருந்தவர். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர். கோடிக்கணக்கான ரசிகர்கள் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் தேவைப்பட்டது பதவியோ பணமோ இல்லை. பொருத்தமான ஒரு சிறுநீரகம்!

யாருடையதை வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது குட்டீஸ். நம் உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி, புதிய உறுப்பை அன்னியன் என்று நினைத்துத் தாக்கும். ரத்த வகையும் திசுவும் பொருந்த வேண்டும். ரத்த சொந்தங்களிடம் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கும்பகோணத்தில் பசியைப் பங்குபோட்டுக்கொண்ட அண்ணன் சக்கரபாணி நினைவிருக்கிறதா? அவருடைய மகள் லீலாவதி முன்வந்தார். சித்தப்பாவுக்குத் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தார். 1984 டிசம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது.

இந்த அறுவையில் ஓர் ஆச்சரியம் உண்டு. பொதுவாகப் பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து ரத்தக் குழாய்களோடும் சிறுநீர்ப்பையோடும் இணைத்துவிடுவார்கள். கொடுத்தவருக்கு மீதமுள்ள ஒரே சிறுநீரகம் கொஞ்சம் பெரிதாகி, கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். லீலாவதி அதன் பிறகு 37 ஆண்டுகள் வாழ்ந்தார். 2021-ல்தான் மறைந்தார்.

அதே டிசம்பரில் தமிழ்நாட்டில் தேர்தல். இந்த முறையும் எம்.ஜி.ஆர். பிரசாரத்துக்கு வரவில்லை. மருத்துவமனையில் அவர் இருக்கும் வீடியோ படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டியில் அவர் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் சென்னை திரும்பி, மீண்டும் முதலமைச்சராகப் பதவி ஏற்றார்.

பேச்சு மட்டும் முன்போல் தெளிவாக வரவில்லை. ஆனாலும் இன்னும் மூன்று ஆண்டுகள் அவர் நம்மோடு இருந்தார். 1987, டிசம்பர் 24-ல் காலமானார். மறு வருடம் அவருக்கு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. கிண்டியில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வாழ்ந்த ராமாவரம் தோட்டத்தில், காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கான பள்ளி நடக்கிறது. அந்தப் பள்ளிக்கு இடம் விடச் சொல்லித் தன் உயிலிலேயே எழுதி வைத்தவர் அவர்தான்.

குட்டீஸ், 67 வயது வரை அவரைக் காப்பாற்றி வந்த சிறுநீரகங்கள் ஒரு நாளும் தங்களைப் பற்றி அவருக்குச் சொல்லியிருக்காது. பல் வலித்தால் தெரியும், வயிறு வலித்தால் தெரியும். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுப்போன பிறகும் பல பேருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. அதனால் அது கேட்பதற்கு முன்பே நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* பள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடியுங்கள். சிறுநீர் கரும் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

* வகுப்பு முடியட்டும், வீட்டுக்குப் போகட்டும் என்று சிறுநீரை அடக்கி வைக்காதீர்கள். அடக்கினால் கிருமித் தொற்று வரலாம். டீச்சரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

* சிப்ஸ், ஊறுகாய், அப்பளம் அளவாக இருக்கட்டும். உப்பு கூடினால் கணக்குப்பிள்ளைக்கு வேலையும் கூடும்.

* டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை விழுங்கக் கூடாது. அடிக்கடி சாப்பிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

* வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருக்கிறதா? வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லி நினைவூட்டுங்கள். தாத்தாவுக்கு இதைச் சொல்ல உங்களைவிட நல்ல ஆள் யார்?

உங்களுக்குத் தெரியுமா?

சிறுநீரகத்தை விலைக்கு வாங்குவதோ விற்பதோ நம் நாட்டில் குற்றம். இதற்கான சட்டம் 1994-ல் வந்தது. மூளைச் சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை, அவர்கள் குடும்பத்தார் சம்மதத்தோடு மற்றவர்களுக்குப் பொருத்தும் திட்டத்தை 2008-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஒருவர் இறந்த பிறகும் அவருடைய இரண்டு சிறுநீரகங்கள் இரண்டு பேரை வாழ வைக்கலாம்.