ஆலன் டூரிங்: போத்தனூரில் பிறந்த தாயின் மகன்... மான்செஸ்டர் ‘கே பார்’ தெருவில் சிலையாக இருப்பது ஏன்?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ராத்திரி வாழ்க்கைக்குப் பேர்போன ஒரு தெரு இருக்கிறது. பெயர் கேனல் ஸ்ட்ரீட். ஒரு பக்கம் ரோச்டேல் கால்வாய், மறுபக்கம் வரிசையாக பார்கள், கிளப்புகள், வானவில் கொடிகள். தன்பாலின ஈர்ப்பாளர்கள் யாருக்கும் பயப்படாமல் கைகோர்த்து நடக்கும் தெரு என்று ஐரோப்பா முழுக்கத் தெரிந்த இடம்.

அந்தத் தெருவை ஒட்டி சாக்வில் கார்டன்ஸ் என்று ஒரு சின்னப் பூங்கா. அங்கே ஒரு பெஞ்சில், கையில் ஆப்பிளோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெண்கலச் சிலை. இன்று நம் கையில் இருக்கும் செல்போன் வரைக்கும் வந்து நிற்கும் கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங்தான் அவர்.

ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது மான்செஸ்டரில் இப்படி ஒரு தெருவே கிடையாது. அது இல்லாமல் போனதுக்கு அவர் கொடுத்த விலை என்ன? அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்ப்போம்.

போத்தனூர், குன்னூர்... தமிழ்நாட்டுத் தொடர்பு

டூரிங்கின் அம்மா எத்தெல் சாரா ஸ்டோனி பிறந்தது 1881-ல், கோவையை ஒட்டிய போத்தனூரில். ரயில்வே ஊர். எத்தெலின் அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். துங்கபத்ரா ஆற்றுப் பாலம் இவர் பேர் சொல்லும் வேலைகளில் ஒன்று. ஸ்டோனி குடும்பத்துக்குக் குன்னூரில் வீடு இருந்தது. டூரிங்கின் அண்ணன் ஜான் 1908-ல் பிறந்தது அங்கேதான்.

அப்பா ஜூலியஸ் டூரிங், ஐசிஎஸ் அதிகாரி. மெட்ராஸ் மாகாணத்தின் பல மாவட்டங்களில் பணி. பெற்றோர் இங்கே வேலையில் இருந்தாலும், ஆலன் பிறந்தது லண்டனில், 1912 ஜூன் 23 அன்று. இந்தியாவின் வெயிலும் நோயும் குழந்தைகளுக்கு ஆகாது என்று அண்ணன், தம்பி இருவரையும் இங்கிலாந்தில் இன்னொரு குடும்பத்திடம் விட்டுவிட்டு பெற்றோர் திரும்பிவிட்டார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் பலரும் இப்படித்தான் செய்தார்கள். அம்மா, அப்பா தூரத்தில் இருக்க, மகன் தனியாக வளர்ந்தார்.

ஷெர்போர்ன் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்டோபர் மார்கம் என்ற மாணவர் மீது டூரிங்குக்கு ஆழமான அன்பு. 1930-ல் காசநோயால் மார்கம் இறந்துபோனார். அந்த இழப்பு டூரிங்கை விட்டு எப்போதுமே போகவில்லை.

ஹிட்லரின் ரகசியத்தை உடைத்த மூளை

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த டூரிங், 1936-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். வயசு 24 மட்டுமே. கட்டளைகளைப் படித்து ஒவ்வொரு படியாகச் செய்யும் ஒரு கற்பனை இயந்திரம் பற்றிய கட்டுரை அது. இன்றைய கணினி எல்லாமே அந்த யோசனையின் வாரிசுகள்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய மையத்தில் சேர்ந்தார். ஜெர்மன் ராணுவம் எனிக்மா என்ற கருவியில் செய்திகளை மறைத்து அனுப்பியது. போலந்து கணித வல்லுநர்கள் ஏற்கனவே போட்டுக் கொடுத்த பாதையில் மேலே போய், அதை உடைக்கும் ‘பாம்’ என்ற இயந்திரத்தை டூரிங் வடிவமைத்தார். அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளின் செய்திகளைப் படிக்க முடிந்தது. அதற்காக அரசு விருதும் கிடைத்தது. எதுக்கு விருது என்று மட்டும் வெளியே சொல்ல முடியாது. அத்தனையும் ரகசியம்.

அங்கே சக பணியாளர் ஜோன் கிளார்க்கோடு 1941-ல் நிச்சயதார்த்தமும் நடந்தது. தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பதை டூரிங் அவரிடம் மறைக்கவில்லை. கடைசியில் அவரே நிச்சயத்தை முறித்துக்கொண்டார். இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

போருக்குப் பிறகு 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். 1950-ல், இயந்திரம் யோசிக்குமா என்ற கேள்வியை எழுப்பிய புகழ்பெற்ற கட்டுரை. இன்றைக்கு ஏஐ பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் டூரிங் டெஸ்ட் அதிலிருந்து வந்ததுதான்.

1951 டிசம்பர்: ஒரு தியேட்டர் வாசலில்...

கதை திரும்புவது இங்கேதான்.

அன்றைய இங்கிலாந்தில் இரண்டு ஆண்களுக்கு இடையே உறவு இருந்தால் அது குற்றம். வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, இருவரும் விரும்பி இருந்தாலும் குற்றம்தான். 1885-ல் போட்ட சட்டம் அது.

அப்போ இப்படிப்பட்டவர்கள் எங்கே சந்தித்துக்கொள்வார்கள்? பலகை மாட்டிய பார் கிடையாது. சில பப்களில் ஜாடைமாடையாக ஒரு மூலை. அதுவும் போலீஸ் வரும் என்ற பயத்தோடு. மற்றபடி தெருமுனை, பூங்கா, தியேட்டர் வாசல். யார் என்ன எண்ணத்தோடு பேசுகிறார் என்று தெரியாது. மிரட்டிப் பணம் பறிப்பவர் இருக்கலாம். மஃப்டி போலீஸும் இருக்கலாம்.

மான்செஸ்டரில் அந்த இடம் ஆக்ஸ்போர்டு ரோடு. 1951 டிசம்பரில், அங்கிருந்த ரீகல் தியேட்டர் பக்கம், வேலையில்லாமல் இருந்த 19 வயது இளைஞர் ஒருவரை டூரிங் சந்தித்தார். சாப்பிட அழைத்தார். பழக்கம் வளர்ந்தது.

அடுத்த மாதமே டூரிங் வீட்டில் திருட்டு. அந்த இளைஞருக்குத் தெரிந்த ஒருவர்தான் திருடியது. சட்டத்தை நம்பி டூரிங் போலீஸுக்குப் போனார்.

புகார் கொடுத்தவரே குற்றவாளி ஆனார்

விசாரணையில், அந்த இளைஞரை எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்தது. டூரிங் உண்மையை ஒப்புக்கொண்டார். அதில் தப்பு இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. அவ்வளவுதான். திருட்டு கேஸ் ஓரம் போனது, டூரிங் மேல் கேஸ் வந்தது.

1952 மார்ச் 31 அன்று தண்டனை. சிறைக்குப் போகலாம், இல்லையென்றால் ஒரு வருஷம் ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆசையை அடக்கும் சிகிச்சை என்று சொல்லி ஆண்களுக்குப் பெண் ஹார்மோன் கொடுத்த காலம் அது. ஆய்வு நின்றுவிடக் கூடாது என்று டூரிங் மருந்தைத் தேர்ந்தெடுத்தார். உடம்பு மாறியது, மார்பு வளர்ந்தது. ஒலிம்பிக் தகுதிக்குப் பக்கத்தில் வந்த மாரத்தான் ஓட்டக்காரரின் உடம்பு அது. 1947-ல் 2 மணி 46 நிமிடத்தில் மாரத்தான் ஓடியவர்.

போரில் நாட்டைக் காப்பாற்றிய அதே ரகசியத் துறை, இனி இவரை நம்ப முடியாது என்று கதவை மூடியது.

அந்தக் கோடையில் டூரிங் நார்வேக்குப் போனார். அங்கே ஆண்கள் மட்டும் சேர்ந்து ஆடும் நடன நிகழ்ச்சிகள் நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். உலகின் மிகப் பெரிய மூளைகளில் ஒன்று, பயமில்லாமல் ஒரு ராத்திரி நாலு பேரோடு இருப்பதற்காகக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

1954 ஜூன் 7. சயனைடு விஷத்தால் டூரிங் உயிரிழந்தார். வயது 41. மறுநாள்தான் வீட்டு வேலை செய்பவர் பார்த்தார். பக்கத்தில் கடித்த ஆப்பிள் ஒன்று கிடந்தது. தற்கொலை என்றது விசாரணை. ரசாயன சோதனையின்போது நடந்த விபத்து என்றே அம்மா எத்தெல் கடைசி வரை நம்பினார். மகனைப் பற்றி 1959-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

கேனல் ஸ்ட்ரீட் எப்படி உருவானது?

பஞ்சாலைத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கால்வாய் ஓரம் முழுக்க கிடங்குகள். தொழில் நொடித்ததும் அந்தப் பகுதி இருட்டிப்போனது. ராத்திரியில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்பதால்தான், மறைந்து சந்திக்க வேண்டியவர்கள் அங்கே வந்தார்கள்.

1967-ல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது. ஆனால் போலீஸ் ரெய்டு நிற்கவில்லை. 1980கள் வரைக்கும் தொல்லை தொடர்ந்தது. அதனால் அங்கிருந்த பார்களின் ஜன்னல்கள் எல்லாம் சின்னது, இருட்டு. உள்ளே யார் இருக்கிறார் என்று வெளியே தெரியக் கூடாது.

1988 பிப்ரவரியில், தன்பாலின ஈர்ப்பு பற்றி உள்ளாட்சிகளும் பள்ளிகளும் நல்லவிதமாகப் பேசவே கூடாது என்று வந்த சட்டப்பிரிவை எதிர்த்து மான்செஸ்டரில் சுமார் 20,000 பேர் பேரணி போனார்கள். அதற்கு அப்புறம்தான் காற்று மாறியது. 1990களின் தொடக்கத்தில் மான்டோ என்ற பார் வந்தது. முகப்பு முழுக்கப் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவரைத் தெருவே பார்க்கலாம். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் ஒளிய வேண்டாம் என்று ஒரு கட்டடமே சொன்ன தருணம் அது.

2001 ஜூன் 23, டூரிங் பிறந்தநாளில், அந்தத் தெருவின் ஓரத்திலேயே அவர் சிலை திறக்கப்பட்டது. ஒரு பக்கம் பல்கலைக்கழகக் கட்டடங்கள், மறுபக்கம் பார் தெரு. அவர் வாழ்க்கையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் அந்த பெஞ்ச்.

இன்று போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

படிப்புக்கும் வேலைக்கும் மான்செஸ்டர் போகும் தமிழர்கள் நிறைய. அவர்களுக்குச் சில குறிப்புகள்:

• பிக்காடிலி ரயில் நிலையத்திலிருந்து கேனல் ஸ்ட்ரீட் நடக்கும் தூரம்தான்.

• நியூ யூனியன், ரெம்பிராண்ட், நெப்போலியன்ஸ் ஆகியவை இந்தப் பகுதியின் பழைய பெயர்கள். பெண்களுக்கான வனிலா பார் பக்கத்துத் தெருவில் தொடங்கியது. கடைகள் மாறிக்கொண்டே இருக்கும். போகும் முன் திறந்திருக்கிறதா, எத்தனை மணி வரை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

• 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயசு குறைவாகத் தெரிந்தால் போட்டோ அடையாள அட்டை கேட்பார்கள்.

• உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. சொந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் வாழ்கிறவர்கள் இன்றும் அங்கே வருகிறார்கள்.

• ஆகஸ்ட் கடைசி வார விடுமுறையில் பிரைட் திருவிழா. சாக்வில் கார்டன்ஸில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்கான நினைவுத்தூணும் உண்டு.

• டூரிங் அந்த இளைஞரைச் சந்தித்த ரீகல் தியேட்டர் கட்டடம் இன்றும் ஆக்ஸ்போர்டு ரோட்டில் நிற்கிறது. இப்போது அதன் பெயர் டான்ஸ்ஹவுஸ்.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மணிமுத்தாறுக்கு மேலே இருந்த எஸ்டேட் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். லயன் வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நல்லது கெட்டதுக்கு அது பெரிய பலம். ஆனால் தான் வேறு மாதிரி என்று உணரும் ஒரு பிள்ளைக்கு, அதே சுவர்தான் பயம். அம்பாசமுத்திரம் இறங்கி, பஸ் பிடித்து, பெருநகரம் போனால்தான் மூச்சு விட முடியும் என்று அவர்களுக்குத் தோன்றுவது இதனால்தான். போன இடத்திலும் பாதுகாப்பான இடம் இல்லை என்றால், 1951-ல் டூரிங் நின்ற அதே தெருமுனைதான் மிச்சம். இன்றைக்கு அந்தத் தெருமுனை செல்போன் ஆப்பாக மாறியிருக்கிறது. ஆசை காட்டி வரவழைத்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றிய செய்திகள் வருவதும் அதனால்தான்.

சட்டத்தின் கதையும் அப்படியே. டூரிங்கின் அப்பா அதிகாரியாக இருந்த மெட்ராஸ் மாகாணத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்த 377-வது பிரிவு இருந்தது. இங்கிலாந்து தன் சட்டத்தை 1967-ல் தளர்த்தியது. இங்கே வயதுவந்தவர்களின் விருப்ப உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பர் 6-ல். 51 வருஷ இடைவெளி!

டூரிங் நூற்றாண்டான 2012-ல், சிருஷ்டி மதுரை அமைப்பு அவர் பெயரிலேயே மதுரையில் வானவில் விழாவும் பேரணியும் நடத்தியது. போத்தனூரில் பிறந்த தாயின் மகன், மதுரைத் தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

2009-ல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. 2013-ல் அரச மன்னிப்பு கிடைத்தது. 2017-ல் அதே சட்டத்தில் தண்டிக்கப்பட்ட, இறந்துபோன ஆயிரக்கணக்கானோருக்கும் மன்னிப்பு நீட்டிக்கப்பட்டது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் டூரிங் படமே வந்தது. மருந்து கொடுத்து அவரை மாற்றப் பார்த்த நாடு, அவர் முகத்தைப் பணத்தில் அச்சடித்தது.

அதே 2021-ல் இன்னொன்றும் நடந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில், தன்பாலின ஈர்ப்பை மருத்துவம் செய்து மாற்ற முயற்சிப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்றும் சொன்னது.

உத்தரவு வந்த தேதி ஜூன் 7. டூரிங் இறந்து சரியாக 67 ஆண்டுகள் ஆகியிருந்தன.

*(தற்கொலை எண்ணமோ மன உளைச்சலோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், டெலி மானஸ் 14416 எண்ணிலும் இலவச ஆலோசனை கிடைக்கும்.)*