பைக்கே பிடிக்காதவர் வடிவமைத்த ஸ்கூட்டர்: சேத்தக்கின் முன்சக்கரம் ஏன் 'ஒத்தைக் கை'யில் நிற்கிறது?

ஆட்டையாம்பட்டி பக்கம் முறுக்கு டின் கட்டிக்கொண்டு போகும் பழைய பஜாஜ் சேத்தக் கண்ணில் பட்டால், முன்சக்கரத்தைக் கவனியுங்கள். பைக்கில் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஃபோர்க் இருக்கும். இதில் ஒரு பக்கம்தான் பிடிமானம். இந்த யோசனை இத்தாலியின் கொராடினோ தஸ்கானியோவுடையது.

1891-ல் போப்போலி என்ற ஊரில் பிறந்த அவர் ஒரு விமானப் பொறியாளர். ஹெலிகாப்டர்தான் அவரது கனவு. 1930-ல் அவர் உருவாக்கிய ஹெலிகாப்டர் 18 மீட்டர் உயரம் எழும்பி சாதனை படைத்தது. ஆனால் விற்பனைக்குப் போகவில்லை. பணமும் கரைந்தது. 1932-ல் பியாஜியோ நிறுவனத்தில் சேர்ந்து விமான புரொப்பெல்லர் வடிவமைத்தார்.

போரில் இத்தாலி தோற்றது. விமானத் தயாரிப்புக்குத் தடை. குண்டுவீச்சில் ஆலையும் நாசம். எல்லாரும் வாங்கக்கூடிய ஒரு இருசக்கர வண்டி வேண்டும் என்று முதலாளி என்ரிகோ பியாஜியோ கேட்டது இவரிடம். இவருக்கோ பைக் என்றாலே ஆகாது! செயின் அழுக்கு, பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றும் பாடு, இதெல்லாம்தான் காரணம்.

அதனால் செயினையே தூக்கிவிட்டார். முன்சக்கரத்துக்கு விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பைக் கொண்டுவந்தார். கார் டயர் மாதிரி பக்கவாட்டில் கழற்றலாம். நம்ம ஊர் சேத்தக்கில் ஸ்டெப்னி மாட்டுவது சுலபமாக இருந்தது இதனால்தான். 1946 ஏப்ரல் 23-ல் வெஸ்பாவுக்குக் காப்புரிமை கோரப்பட்டது. அதே வம்சத்து சேத்தக் 1972-ல் இங்கே வந்தது.

சரி, ஓட்டுவதற்கு எப்படி? இதில் சக்கரத்தின் அச்சு ஒரு சின்னக் கையில் இருக்கிறது. அந்தக் கை முன்னால் ஒரு கீலில் மாட்டியிருக்க, அச்சு அதற்குப் பின்னால் வரும். குழிக்குள் இறங்கினால் கை மேலே மடங்கி ஸ்பிரிங்கை அமுக்கும். பைக்கின் டெலஸ்கோபிக் ஃபோர்க் போல குழாய்க்குள் குழாய் உரசும் வேலை இல்லை.

பலவீனம் பிரேக்கில். பிரேக் தட்டு அந்தக் கையிலேயே இருப்பதால், முன் பிரேக் பிடித்ததும் சக்கரம் சுழலும் திசையில் அது கையையும் திருப்பப் பார்க்கும். கீல் கீழே இறங்கும், வண்டி 'மூக்கு குத்தும்'. பின் பிரேக்கையே நம்பி ஓட்டிய அப்பாக்களைக் குறை சொல்ல முடியாது. சின்னச் சக்கரம் சந்தில் வளைக்க லேசு. வேகம் கூடினால் ஹேண்டில் ஒரு நிலையில் நிற்காது. தெரு ஓட்டத்துக்கு இது நியாயமான பேரம்தான் என்பேன்.

தஸ்கானியோ ஹெலிகாப்டரை விடவில்லை. 1964-ல் அகுஸ்டா குழுமத்துக்குப் போய், எழுபது வயதைத் தாண்டியும் பயிற்சி ஹெலிகாப்டர் ஒன்றை வடிவமைத்தார். 1981-ல் பீசாவில் இறந்தார். உலகம் அவரை அறிந்ததென்னவோ வெஸ்பாவால்தான்.