சாங்கோபாங்க சுவாமிகள்: வேதத்தை வாழ்வின் மொழியாக்கியவர்

தவக்காலம் வந்ததும் சிலாபம், மாரவில, வென்னப்புவ எனப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத் தேவாலயங்களில் பசன் ஒலிக்கத் தொடங்கும். கிறிஸ்து பட்ட பாடுகளைச் சிங்களத்தில் ஒப்பாரி இராகத்தில் சொல்லி உருகும் வழக்கம் அது. அதே நாட்களில் வடக்கே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும். சுருவங்களைக் கொண்டு நடத்தப்படும் உடக்குப்பாஸ் காட்சிகளுக்கும் இப்பிரசங்கமே உயிர் கொடுக்கின்றது. இரு மொழிகளிலும் அழுகின்ற இம்மக்களுக்கு அந்த வார்த்தைகளை வழங்கியவர் ஒருவரே என்பது பலர் அறியாத செய்தி. அவர் சிங்களவருமல்லர், இலங்கைத் தமிழருமல்லர். கோவாவில் பிறந்து, புத்தளம் மாவட்டத்துப் போலவத்தையில் மண்ணுக்குள் துயில்கின்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரே அவர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் எனப் பக்தியோடு அழைத்தனர்.

அடிகளாரின் பணியை விளங்கிக்கொள்வதற்கு அன்றைய இலங்கையின் நிலைமையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க மார்க்கத்தைத் தமது ஆட்சிக்கு எதிரான சக்தியாகவே கருதினர். குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு மறைவிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என 1658இல் கட்டளை பிறந்தது. முப்பது ஆண்டுகளாகப் பூசையுமின்றிக் குருவானவருமின்றி ஒரு சமூகம் வாழ்ந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு அவர்கள் கையில் தம் மொழியில் ஒரு வேத நூலும் இருக்கவில்லை. பெற்றோரின் நினைவில் எஞ்சியிருந்த சில செபங்களே அவர்களது மார்க்கமாயிற்று.

இந்நிலையில்தான் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். ஒல்லாந்தரின் கெடுபிடி அங்கு முற்றியபோது 1690இல் அவருக்குப் புகலிடம் தந்தது புத்தளமேயாகும். அக்காலத்தில் புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்ட துறைமுகம். கரையெங்கும் ஒல்லாந்தரின் கோட்டைகள் எழுந்திருந்த வேளையில், பௌத்த மன்னனின் குடை நிழலில், இஸ்லாமிய வணிகரும் தமிழரும் சிங்களவரும் கூடி வாழ்ந்த இத்துறையில் துரத்தப்பட்ட ஒரு கிறிஸ்தவத் துறவி தங்க முடிந்தது. இலங்கைத் திருச்சபை மீண்டும் எழுந்த வரலாற்றில் புத்தளத்துக்கு நீங்காத இடமுண்டு.

அந்த வாஸ் அடிகளாரின் பணிக்குத் துணையாக வந்தவரே கொன்சால்வெஸ். 1676ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆம் திகதி கோவாவின் திவார் தீவில் கொங்கணிக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கோவாவிலேயே உயர்கல்வி கற்று, 1700இல் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியக் குருமாரே நடத்திய ஒறற்றோரியன் சபையில் இணைந்துகொண்டார். போர்த்துக்கேயமும் இலத்தீனும் கைவந்த அவர் கோவாவில் ஆசிரியராக நற்பெயரோடு வாழ்ந்திருக்கலாம். அதனைத் துறந்து 1705இல் மன்னார்க் கரையில் வந்திறங்கினார். அதன் பின்னர் 37 ஆண்டுகள் இத்தீவிலேயே உழைத்தார்.

வந்தவரின் மொழித்திறனை வாஸ் அடிகளார் உடனே கண்டுகொண்டார். குருமார் ஒரு சிலர், கிராமங்களோ நூற்றுக்கணக்கானவை. காட்டு வழியிலும் களப்பு வழியிலும் நடந்து செல்லும் ஒரு குரு, ஓர் ஊரை மீண்டும் காண்பதற்கு நெடுங்காலம் செல்லும். குருவானவர் இல்லாத நாட்களில் மக்களுக்கு யார் துணை? இந்தக் கேள்விக்கு வாஸ் அடிகளார் கண்ட விடை இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, ஒவ்வோர் ஊரிலும் மூப்பர், அண்ணாவியார் எனப் பொறுப்பாளரை நியமிப்பது. மற்றொன்று, அவர்கள் கையில் நூலைக் கொடுப்பது. அந்த நூல்களை எழுதும் பொறுப்பே கொன்சால்வெஸ் அடிகளாரின் தோளில் விழுந்தது.

அவர் தமிழைக் கற்றார். கண்டிக்குச் சென்று சிங்களத்தையும் இலக்கியத் தரத்தில் கற்றுத் தேர்ந்தார். இரு மொழிகளிலும் புலமை பெற்ற பின்னரே எழுத்தாணியைக் கையிலெடுத்தார். உலகப் படைப்பு முதல் வேத வரலாற்றை எடுத்துரைக்கும் தேவ அருள் வேத புராணம், ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் திருநாட்களுக்கும் உரிய சுவிசேஷப் பகுதிகளுக்கு விளக்கம் தரும் சுவிசேஷ விரித்துரை, கிறிஸ்துவின் பாடுகளை உருக்கமாக எடுத்துரைக்கும் வியாகுலப் பிரசங்கம் முதலியன அவர் தமிழில் ஆக்கிய நூல்களுட் சில. சிங்களத்தில் அவர் ஆற்றிய பணி, சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்ற பெயரை அவருக்கு ஈட்டித் தந்தது. அகராதிப் பணியிலும் அவர் ஈடுபட்டார்.

வேத வரலாற்றுக்குப் புராணம் எனப் பெயரிட்டமை சாதாரண விடயமன்று. வேற்று நாட்டு மார்க்கமாகக் கருதப்பட்ட ஒன்றை, இந்த மண்ணின் மக்களுக்குப் பழக்கமான சொல்லால், பழக்கமான கதை மரபால் அவர் அறிமுகம் செய்தார். பாக்குநீரிணையின் மறுகரையில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் முகம்மது நபி (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடி மறைந்து நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை இயற்றினார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி நிறைவுற்றது. ஒரே தலைமுறைக் காலத்தில், வெவ்வேறு சமயங்களும் சபைகளும் தத்தம் வேதப் பொருளைத் தமிழின் வாயிலாகவே மக்களிடம் கொண்டுசெல்ல முனைந்தன. மார்க்கம் எதுவாயினும் தாய்மொழியில் வந்தாலன்றி அது வீட்டுக்குள் நுழையாது என்ற உண்மையை அவர்கள் அனைவரும் உணர்ந்திருந்தனர்.

ஆயினும் ஏனையோருக்கும் கொன்சால்வெஸ் அடிகளாருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. தரங்கம்பாடியில் அச்சகம் இருந்தது. அதற்கு அரச ஆதரவும் இருந்தது. இவரது நூல்களோ தேடுதலுக்கு அஞ்சி வாழ்ந்த மக்களின் கைகளில் பிரதியெடுக்கப்பட்டு ஊர் ஊராகச் சென்றன. ஞாயிறு தோறும் அண்ணாவியார் வாசிக்க, எழுத்தறியாத மீனவரும் கமக்காரரும் சூழ இருந்து கேட்டனர். கேட்டதை மனனம் செய்தனர். வாரம் முழுவதும் வலை இழுக்கும்போதும் வயலில் நிற்கும்போதும் அதையே அசை போட்டனர். மரணப் படுக்கையில் கிடப்பவரின் அருகில் குருவானவர் இல்லை. ஆனால் அண்ணாவியாரின் குரலில் வேத வார்த்தை இருந்தது. நூல் ஒன்று அலமாரியை அலங்கரிப்பதற்கும் ஒரு மனிதனின் அன்றாட வாழ்வைத் தாங்கிப் பிடிப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை இம்மக்களின் அனுபவம் தெளிவாகவே காட்டுகின்றது.

வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். அவர் 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸினால் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டமை நாம் கண்ட வரலாறு. அவரது மறைவின் பின்னர் கொன்சால்வெஸ் அடிகளார் பணியை இடைவிடாது முன்னெடுத்தார். கண்டியை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கனின் அரசவையில் அவருக்கு மதிப்பு இருந்தது. அவர் தம் காலத்தின் மனிதராகவும் இருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. பிற சமயங்களோடும் சபைகளோடும் கடுமையாக வாதிடும் நூல்களையும் அவர் எழுதியுள்ளார். இன்று அவற்றை வாசிப்போர் முகஞ்சுளிக்கக்கூடும். எனினும் மக்கள் அவரிடமிருந்து எதை நினைவில் வைத்துக்கொண்டனர் என்பதே கவனிக்கத்தக்கது. வாதங்கள் ஏட்டோடு நின்றுவிட்டன. துன்புற்ற ஒருவரின் கதையே தலைமுறைகளைக் கடந்து நின்றது.

இறுதிக் காலத்தில் அவர் போலவத்தையில் தங்கிப் பணியாற்றினார். 1742ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் திகதி அங்கேயே உயிர் நீத்தார். அவரது வரலாற்றை எஸ்.ஜி. பெரேரா அடிகளார் நூலாக எழுதினார். சிலாப மறைமாவட்ட ஆயராக விளங்கிய எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை அவரது இலக்கியப் பணியை ஆராய்ந்து எழுதினார். எனினும் தமிழிலக்கிய வரலாற்றில் இந்த எழுத்தாளருக்குரிய இடம் இன்னும் முழுமையாக வழங்கப்படவில்லை என்பது நமது குறையேயாகும். சிலாபம், நீர்கொழும்புக் கரையில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல காலப்போக்கில் சிங்களத்துக்கு மாறிவிட்ட நிலையில், அண்ணாவி, மூப்பு என்ற தமிழ்ச் சொற்கள் அங்கு எஞ்சி நிற்பது அப்பணியின் ஆழத்துக்குச் சான்றாகும்.

இவ்வளவும் பழங்கதையா? புத்தளம் மாவட்டத்தில் வாழும் எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். 1690இல் துரத்தப்பட்ட ஒரு துறவிக்கு இடங்கொடுத்த இந்தக் கரை, சரியாக 300 ஆண்டுகளின் பின்னர், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் இடங்கொடுத்தது. அதே கரைதான் 2019இல் பெருஞ்சோதனைக்கு உள்ளானது. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் பலியாயினர். மகா ஓயாவுக்கு அப்பால் கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்று வாரங்கள் கழிந்து மே மாதத்தில் சிலாபத்தில் மூண்ட பதற்றம் பரவி, குற்றத்துக்கு எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஓர் உயிரும் பறிபோனது.

அந்த நாட்களில் பழிவாங்கலைக் கைவிடுமாறு கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை கத்தோலிக்க மக்களை மீண்டும் மீண்டும் வேண்டிக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பலர் கையோங்காது கண்ணீரோடு அமைதி காத்தனர். தம்மை வதைத்தோருக்காகச் சிலுவையில் இருந்தபடி மன்னிப்பு வேண்டிய ஒருவரின் கதையை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த மக்கள் அவர்கள். வேதம் நாவில் நின்றதா, வாழ்வில் இறங்கியதா என்பதை அறிவதற்கு அத்தகைய ஒரு நாளே உரைகல்லாகும். தேறியோரும் உண்டு, தவறியோரும் உண்டு.

இந்த உரைகல் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. தொழுகையில் ஓதப்படும் வேதமும் கோயிலில் பாடப்படும் பதிகமும் அதே கேள்வியையே நம்மிடம் கேட்கின்றன. பிறர் மொழியைக் கற்று, அவர் மொழியிலேயே அவரோடு பேசி, அவர் மண்ணிலேயே மடிந்த ஒருவரின் கல்லறை நமது மாவட்டத்தில் இருக்கின்றது. அண்ணாவியார் வாசித்து முடித்ததும் மக்கள் எழுந்து தத்தம் வேலைக்குச் சென்றனர். வேதம் அவர்களோடு கூடவே சென்றதா என்பதை அறிந்தவர் அவர்களின் அயலவரே. நமது வேதம் நம்மோடு வருகின்றதா என்பதற்கும் நமது அயலவரே சாட்சி.