கல் சுமந்து பழகிய டென்சிங்

இமயம் என்றதும் தமிழர் நெஞ்சில் வில்லும் புலியும் கயலும் தோன்றும். நம் வேந்தர்கள் தத்தம் இலச்சினையை அம்மலையிலே பொறித்தார்கள் என்று நம் இலக்கியங்கள் பெருமை பேசும். ஆனால், இமயத்தின் மிக உயர்ந்த கொடுமுடியில் முதன்முதலாகக் கால் பதித்த இருவருள் ஒருவர் முடி சூடிய மன்னரல்லர். படை நடத்திய தலைவருமல்லர். பிறர் சுமையை முதுகிலே தாங்கிக் கூலி பெற்ற தொழிலாளி அவர். அவர்தாம் டென்சிங் நோர்கே. 1953 மே 29-ஆம் நாள் அவர் எவரெஸ்டின் உச்சியில் நின்றதை உலகம் அறியும். அந்த ஒரு நாளுக்காக அவர் எத்தனை ஆண்டுகள் தம்மை ஆயத்தம் செய்துகொண்டார் என்பதை அறிந்தவர் சிலரே. மாணவர்களாகிய நாம் கற்க வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

டென்சிங் 1914-இல் ஓர் ஏழை ஷெர்ப்பாக் குடும்பத்தில் பிறந்தார். உடன் பிறந்தோர் பலர். பள்ளிக்கூடம் என்பதே இல்லை. எவரெஸ்டின் நிழலிலே யாக் எருமைகளை மேய்த்து வளர்ந்தார். பதினெட்டாம் வயதில் பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். ஊரையும் உறவையும் விட்டு, கையில் காசின்றி, உழைப்பை மட்டும் நம்பிப் புதிய நகரில் குடியேறுவது எத்தகையது என்பதைத் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் நெல்லைச் சீமையிலிருந்து இரயிலேறி வந்த கதையும் இதுதானே!

1935-இல் ஓர் ஆங்கிலேயக் குழுவில் அவருக்குச் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. எவரெஸ்டை நோக்கிய அவருடைய முதற் பயணம் அது. 1936-இலும் 1938-இலும் மீண்டும் சென்றார். 1938-இல் 27,000 அடிக்கு மேல் அமைந்த முகாம் வரை சுமை கொண்டு சேர்த்தார். அத்திறமைக்காக ஹிமாலயன் கிளப் அவருக்குப் ‘புலி’ப் பதக்கம் வழங்கிற்று.

சுமை தூக்கியவர் வேறு. மலையேறும் வீரர் வேறு என்று கருதப்பட்ட காலம் அது. டென்சிங் அந்தக் கோட்டை மெல்ல மெல்ல அழித்தார். 1947-இல் சுவிஸ் நாட்டவர் கேதார்நாத் சிகரத்தில் ஏற முயன்றபோது ஷெர்ப்பாக்களின் தலைவர் சறுக்கி விழுந்து படுகாயமுற்றார். அவரை மீட்கச் சென்றவர்களுள் டென்சிங் முன்னின்றார். சர்தார் என்னும் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தச் சிகரத்தின் உச்சியையும் அவர் கண்டார். கயிற்றைப் பிணைப்பது, பனிக்கோடரியால் படி வெட்டுவது, செங்குத்தான பாறையில் பிடி தேடுவது என ஒவ்வொரு பயணத்திலும் ஒவ்வொரு கலையைக் கற்றார்.

அவர் ஏறிய சிகரங்களிலே மிகக் கடினமானது எவரெஸ்ட் அன்று. 1951-இல் பிரெஞ்சுக் குழு ஒன்று நந்தாதேவியின் இரு சிகரங்களையும் இணைக்கும் நெடுமுகட்டைக் கடக்க முயன்றது. அதில் முன்சென்ற இருவர் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடி டென்சிங்கும் லூயி துபோஸ்ட் என்பவரும் கீழைச் சிகரத்தில் ஏறினார்கள். கத்தி முனை போன்ற முகடு; இருபுறமும் அதல பாதாளம். 7,434 மீட்டர் உயரத்தில் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்கினார்கள். காணாமற் போனவர்களின் சுவடே தென்படவில்லை. தம் வாழ்வில் மிகக் கடினமான ஏற்றம் அதுவே என்று பிற்காலத்தில் டென்சிங் கருதினார்.

1952 வசந்தத்தில் சுவிஸ் குழு அவரைச் சுமையாளாக அன்றி, வீரர்களுள் ஒருவராகவே எவரெஸ்டுக்கு அழைத்துச் சென்றது. ரேமோண்ட் லம்பேர் என்னும் நண்பருடன் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் ஓர் இரவைக் கழித்தார். படுக்கைப் பையில்லை, அடுப்பில்லை. மெழுகுவத்திச் சுடரிலே பனியை உருக்கி நா நனைத்தார்கள். மறுநாள் உச்சிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் இருக்கையில் உடல் தளர்ந்து திரும்பினார்கள். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மீண்டும் முயன்றார்கள். கடுங்குளிரும் பெருங்காற்றும் விரட்டியடித்தன. டென்சிங் மலேரியா கண்டு, உடல் இளைத்து, மருத்துவமனையில் கிடந்தார்.

இந்த நிலையிலேதான் 1953-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் குழுவின் அழைப்பு வந்தது. வயதோ முப்பத்தெட்டு. மனைவி அங் லாமு போக வேண்டாமென்று தடுத்தார். இந்த உடம்போடு சென்றால் நோய் திரும்பும், அல்லது கால் இடறும் என்று அஞ்சினார். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அவர் அஞ்சியதில் தவறென்ன? அவ்வாண்டு போகாவிட்டால் வேறு எவரேனும் உச்சியை எட்டிவிடுவர் என்பதும் டென்சிங்குக்குத் தெரியும்.

அவர் போக முடிவு செய்தார்; ஆனால் வெறும் துணிச்சலை நம்பிப் போகவில்லை. விடியுமுன் எழுந்தார். முதுகுப் பையில் கற்களை நிரப்பினார். டார்ஜிலிங் மேடுகளில் ஏறியிறங்கி நெடுந்தூரம் நடந்தார். புகையை விட்டார்; மதுவைத் தொடவில்லை; விருந்துகளுக்குச் செல்வதையும் நிறுத்தினார். உலகத்தின் உச்சியை எட்டப் புறப்பட்டவர் தம் வீட்டுக்கருகே கல் சுமந்து நடந்தார்!

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. ஏப்ரல் 26-ஆம் நாள் எட்மண்ட் ஹில்லாரி பனிப்பிளவு ஒன்றில் விழுந்தார். டென்சிங் நொடியில் கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். ஹில்லாரி உயிர் தப்பினார். இருவரும் ஒரே கயிற்றில் இணைந்து ஏறுவது அதன்பின் இயல்பாயிற்று. மே 28 இரவு இறுதி முகாமில் ஹில்லாரி காலணிகளைக் கழற்றி வைத்தார். அவை பாறையாய் உறைந்தன. காலையில் அடுப்பிலே காய்ச்சி இளக்க வேண்டியதாயிற்று. டென்சிங் காலணியோடே உறங்கினார். சிறு செயல்தான், பதினெட்டு ஆண்டு அனுபவம் அதில் பேசிற்று. மறுநாள் காலை 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றார்கள். மகள் நீமா கொடுத்தனுப்பிய சின்னஞ்சிறு பென்சிலை அவர் அங்கே பனியில் புதைத்தார்.

புகழ் வந்தபின் அவர் ஓய்ந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்து சென்று ஆல்ப்ஸ் மலையில் பயிற்றும் முறையைக் கற்றார். 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமய மலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டபோது களப்பயிற்சிக்குத் தலைவரானார். எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் கற்றவர்களுள் பட்டதாரிகளும் படை அதிகாரிகளும் உண்டு. 1986 மே 9-ஆம் நாள் டார்ஜிலிங்கிலேயே காலமானார்.

நண்பர்களே! அவருக்குப் பதக்கம் தந்த ஹிமாலயன் கிளப் இன்று நம் மும்பையிலிருந்தே இயங்குகிறது. அவர் பயிற்றிய கழகத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி இன்றும் நடைபெறுகிறது. பனிமலை நமக்குத் தொலைவென்றால் மும்ப்ராவின் பாறைகளும் 1,646 மீட்டர் உயர்ந்த கள்சுபாயும் பக்கத்திலேயே உள்ளன. மலையேறும் ஆசை உள்ளவர் முதலில் நாலு மாடி ஏறியிறங்கட்டும். புத்தகப் பையைச் சுமந்தே ஏறட்டும். மலையே வேண்டாமென்பவருக்கும் தேர்வு உண்டு, தொழில் உண்டு, குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு உண்டு. உச்சியில் நின்றது கால் மணி நேரம். அதற்காகச் சுமந்தது பதினெட்டு ஆண்டு. இந்தக் கணக்கை நாம் மறவாதிருப்போம்.